பேட்டரியின் சூட்டைப் பார்த்துவிட்டு சார்ஜ் போடுங்கள்: சிறு விமானங்களில் புதிதாக வேலை தொடங்குபவர்களுக்கு

மே மாதப் பிற்பகல். பயிற்சி முடித்து ஒரு செஸ்னா 172எஸ் வந்து நிற்கிறது. எஞ்சினை அணைத்துப் பதினைந்து நிமிடம் ஆகிறது. நிழலிலேயே 42 டிகிரி. எஞ்சின் மூடியைக் கழற்றி, ஃபயர்வாலின் (எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் உலோகச் சுவர்) இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது. பறக்கும்போது உள்ளே புகுந்து குளிர்வித்துக்கொண்டிருந்த காற்று நின்றுவிட்டது. சிலிண்டர்களின் சூடு வெளியே போக வழியில்லாமல் மூடிக்குள்ளேயே சுற்றுகிறது. வெளியே 42 என்றால் அந்தப் பேட்டரியின் உடம்பு 50-ஐத் தாண்டி நிற்பது சாதாரணம்.

இதே விமானம், வட இந்தியச் சமவெளியில், ஜனவரி அதிகாலை. இரவெல்லாம் வெளியில் நின்றிருக்கிறது. பேட்டரி 5 டிகிரியில் சில்லிட்டுக் கிடக்கிறது.

இந்த இரண்டு நாளும், எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்ட்டர்னேட்டர் கொடுப்பது அதே 28 சொச்சம் வோல்ட்தான். முதல் நாள் அது அதிகம், இரண்டாவது நாள் போதாது. இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. மீட்டரில் தெரியும் எண் சரியா தப்பா என்பதை பேட்டரியின் சூட்டோடு சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஏன் இப்படி?

தோசை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் இரவு கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிந்துவிடும். மார்கழியில் அதே மாவு காலை பத்து மணிக்கும் அசையாமல் கிடக்கும். பேட்டரிக்குள் நடப்பதும் ரசாயன வினைதான். சூடு ஏறினால் வேகம், குறைந்தால் மந்தம்.

24 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்குள் 2 வோல்ட் செல்கள் 12 இருக்கின்றன. சார்ஜ் ஏற்றும்போது, ஒரு அளவுக்கு மேல் வோல்ட் போனால் தகடுகள் சார்ஜை வாங்குவதை விட்டுவிட்டு அமிலத்தில் உள்ள தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்க ஆரம்பித்துவிடும். அந்த எல்லை நிலையானது அல்ல; சூடு ஏற ஏற கீழே இறங்குகிறது. அதனால் சூடான பேட்டரிக்குக் குறைந்த வோல்ட், குளிர்ந்த பேட்டரிக்குக் கூடுதல் வோல்ட் தேவை. ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை மாறும் என்பது பொதுவான கணக்கு. 4 என்று வைத்துக்கொண்டு 12 செல்லால் பெருக்கினால், 24 வோல்ட் பேட்டரிக்கு 10 டிகிரிக்கு ஏறத்தாழ அரை வோல்ட். 12 வோல்ட் பேட்டரி என்றால் கால் வோல்ட். இந்த அரை வோல்ட் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேலை நடுவே அடிக்கடி கைகொடுக்கும்.

25 டிகிரியில் 28.5 வோல்ட் சரி என்று எடுத்துக்கொண்டால், 45 டிகிரியில் 27.5 போதும். 5 டிகிரியில் 29.5 வேண்டும். −15 டிகிரியில் 30.5 வரை கேட்கும். ஆனால் ஆல்ட்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பொதுவாக ஒரே எண்ணில் நிலைத்து நிற்பது. 172எஸ்-இல் வோல்ட் 31-ஐத் தாண்டிப் போனால் மிகைவோல்ட் பாதுகாப்பு வேலை செய்து ஆல்ட்டர்னேட்டரையே நிறுத்திவிடும். ரேடியோக்களின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். ஆகவே, குளிர்ந்த பேட்டரி கேட்பதை எல்லாம் விமானத்தால் கொடுக்க முடியாது. அந்தக் குறையைத் தரையில் சார்ஜர்தான் ஈடுகட்ட வேண்டும்.

படி 1: என்ன வகை பேட்டரி?

லேபிளைப் படியுங்கள். நினைவிலிருந்து சொல்லாதீர்கள், ஒரே மாடல் விமானம் இரண்டில் இரண்டு வகை பேட்டரி இருப்பதுண்டு. மேலே மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்படி இருந்தால் அது திறந்த அமில வகை. ஊற்ற வழியில்லாமல் அடைத்து, அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருப்பது ஏஜிஎம். நிக்கல்-காட்மியமும் லித்தியமும் வேறு கதை, கடைசியில் சொல்கிறேன். அப்படியே பேட்டரியோடு வந்த பராமரிப்புக் கையேட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நான் சொல்லும் எண்ணும் கையேட்டு எண்ணும் மோதினால் கையேடு சொல்வதே சரி.

பேட்டரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். 172எஸ்-இல் எஞ்சினுக்குப் பின்னாலேயே இருப்பதால் அது வெந்துகொண்டே இருக்கும். செஸ்னா 182-இல் பேட்டரி வால் பக்கம். எஞ்சின் சூடே அதற்குத் தெரியாது. உயரே போகப் போக ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குறைவதால், வால் பக்கத்துப் பேட்டரி ஒரு நீண்ட பயணத்தில் மெதுவாகச் சில்லிட்டுப்போகும். ஒரே நாளில், ஒரே ஊரில் நிற்கும் இந்த இரண்டு விமானங்களுக்கும் ஒரே மாதிரி சார்ஜ் தேவைப்படாது.

படி 2: சூட்டை அளப்பது

வெளிக்காற்று வெப்பமானியைப் பார்த்து முடிவெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பேட்டரி என்பது பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட ஈயமும் அமிலமும். அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, சூடானால் சீக்கிரம் ஆறாது. மாலை ஆறு மணிக்குக் காற்று இதமாகிவிடும். பேட்டரி மதியத்தின் சூட்டிலேயே இருக்கும். குளிர்நாளில் காலை பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். பேட்டரியின் நடுப்பகுதி இன்னும் விடியற்காலைக் குளிரிலேயே இருக்கும்.

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். அதை பேட்டரியின் பிளாஸ்டிக் உடம்பின் பக்கவாட்டில், அமில மட்டத்துக்குக் கீழே காட்டுங்கள். பளபளக்கும் டெர்மினல் மேலோ உலோகப் பெட்டி மேலோ காட்டினால் பக்கத்துப் பொருளின் சூடு அதில் பிரதிபலித்து எண் தப்பாக வரும். உலோகப் பெட்டிக்குள் அடைபட்டிருந்தால் அந்தப் பரப்பில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, சில நிமிடம் விட்டு, அதன் மேல் அளக்கலாம். திறந்த அமில வகை என்றால் கண்ணாடி வெப்பமானியைச் செல்லுக்குள் விட்டே பார்க்கலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டுதான்.

படி 3: சார்ஜ் எவ்வளவு இருக்கிறது?

சார்ஜர், லோடு எதுவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வெடுத்த 24 வோல்ட் ஏஜிஎம் பேட்டரி 25.5-ஐ ஒட்டிக் காட்டினால் நன்றாக நிறைந்திருக்கிறது. 25-க்குக் கீழே போயிருந்தால் உடனே சார்ஜுக்கு எடுங்கள். அப்படியே விட்டால் தகட்டில் சல்ஃபேட் இறுகிவிடும். வெயில் காலத்தில் இதை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். சும்மா வைத்திருந்தாலே தானாக இறங்கும் சார்ஜின் வேகம் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. குளிர்ந்த ஹேங்கரில் (விமானம் நிறுத்தும் கூடத்தில்) பல மாதம் தாங்குவது, தகரக் கொட்டகையில் சில வாரத்தில் இறங்கிவிடும்.

திறந்த வகைக்கு, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் உண்டு. விமான பேட்டரியில் 1.275-இலிருந்து 1.300 வரை என்றால் நிறைவு, 1.240-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. இங்கும் சூடு புகுந்து விளையாடும். 21-இலிருந்து 32 டிகிரிக்குள் இருந்தால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சூடானால் ஒவ்வொரு ஐந்தரை டிகிரிக்கும் 0.004 கூட்டவும், குளிர்ந்தால் அதே அளவு கழிக்கவும் வேண்டும். குளிர்ந்த காலையில் திருத்தம் செய்யாமல் படித்தால், காலியாகி வரும் பேட்டரிகூட நல்ல எண்ணைக் காட்டி உங்களை ஏமாற்றும்.

படி 4: தரையில் சார்ஜ் போடுவது

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் கேபிளை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். அறையில் காற்றோட்டம் வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும்.

50 டிகிரிச் சூட்டில் கழற்றி எடுத்த பேட்டரிக்கு உடனே சார்ஜர் மாட்டாதீர்கள். குளிர்ந்த அறையில் விட்டு ஆறட்டும். அவசரம் என்று நிற்பவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள், சில மணி நேரம் காத்திருப்பது புது பேட்டரி வாங்குவதைவிட மலிவு. 30-ஐ ஒட்டி வந்தபின் மாட்டி, சார்ஜரில் வெப்பத்துக்கேற்ற ஈடு (சூட்டைப் பார்த்து வோல்ட்டைத் தானே மாற்றும் வசதி) இருந்தால் அதன் உணரியை பேட்டரி உடம்பிலேயே ஒட்டுங்கள். சில சார்ஜர்களில் உணரி பெட்டிக்குள்ளேயே இருக்கும். குளிர்சாதன அறையில் சார்ஜர், வெளியில் பேட்டரி என்றால் அது கூடுதலாக வோல்ட் கொடுத்துவிடும். ஈடு இல்லாத சார்ஜர் என்றால் மேலே சொன்ன அரை வோல்ட் கணக்கில் நீங்களே இறக்கி ஏற்றுங்கள். மணிக்கு ஒரு முறை சூடு பாருங்கள். 45-ஐத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன், ஆறியபின் தொடர்வேன்.

குளிர்நாள் என்றால் தலைகீழ். பேட்டரியை உள்ளே கொண்டு வந்து ஓர் இரவு வையுங்கள். மறுநாள் அறைச் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் போட்டால் முழுதாக வாங்கும்.

உறைபனி ஊர்களில் ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். நிறைந்த பேட்டரியின் அமிலம் −60 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். முற்றிலும் காலியான பேட்டரியில் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்; அடர்த்தி 1.100 என்றால் −7 டிகிரியிலேயே உறைந்துவிடும். குளிர்காலத்தில் −25-க்கும் கீழே இறங்கும் கனடாவின் வின்னிபெக் போன்ற ஊர்களில், விமானத்தின் மொத்த மின்சாரத்துக்கான மாஸ்டர் ஸ்விட்சை அணைக்க மறந்து போன ஒரே இரவு போதும், பேட்டரி காலியாகி, உறைந்து, விரிசல் விட்டுக் கிடக்கும். பக்கச் சுவர் உப்பியிருந்தாலோ, திறந்த அமில வகையை அசைத்தால் உள்ளே திரவம் ஆடுவது தெரியாவிட்டாலோ உறைந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு சார்ஜும் கூடாது, வெளி மின்சாரம் கொடுத்து எஞ்சினைக் கிளப்பவும் கூடாது.

படி 5: விமானம் ஓடும்போது ஆம்மீட்டரைப் படிப்பது

விமானிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. ஆம்மீட்டர் என்பது பேட்டரிக்குள் கரண்ட் போகிறதா, வெளியே வருகிறதா என்று முள்ளால் காட்டும் கருவி; முள் நடுவில் நின்றால் இரண்டும் இல்லை.

172எஸ்-இன் எஞ்சினான லைகோமிங் ஐஓ-360 எரிபொருள் பீய்ச்சும் வகை. சூடாக அணைத்த எஞ்சினை இருபது நிமிடத்தில் மறுபடி கிளப்ப முயன்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும், சட்டென்று பிடிக்காது. மாணவர் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருப்பார். பேட்டரி இறங்கும். அதுவும் நாளிலேயே அதிகச் சூட்டில் இருக்கும் நேரத்தில். பிறகு எஞ்சின் பிடித்தவுடன் ஆல்ட்டர்னேட்டர் அந்தச் சூடான, இறங்கிப்போன பேட்டரிக்குள் கரண்ட்டைக் கொட்டும். பயிற்சிப் பள்ளிகளில் ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு முறை இப்படிக் கிளம்புகிறது. வெயில் ஊர்களில் பேட்டரி சீக்கிரம் போவதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. சூட்டில் வாழும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் 10 டிகிரிக்குப் பாதியாகக் குறையும் என்பது பழைய கணக்கு. கிளப்பும் விதம் சரியில்லை என்றால் அது இன்னும் சீக்கிரம் போகும். அதனால் கையேட்டில் உள்ள சூடான எஞ்சினைக் கிளப்பும் முறையை மாணவர் முதல் வாரத்திலேயே பழக வேண்டும்.

கிளம்பியபின் ஆம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் மேலே நிற்பது இயல்பு. செஸ்னா கையேடு தரும் அளவுகோல், அரை மணி நேரம் சீராகப் பறந்தபின் சார்ஜ் பக்கம் இரண்டு முள் அகலத்துக்குக் குறைவாக இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் நின்றால் புதியவர் நினைப்பார்: "பேட்டரி ரொம்பக் காலி போல, இன்னும் வாங்குகிறது." சூடான நாளில் அது பெரும்பாலும் தப்பு. பேட்டரி நிறைந்துவிட்டது; உள்ளே போகும் கரண்ட் தண்ணீரைப் பிரிப்பதிலும் சூட்டைக் கூட்டுவதிலும் செலவாகிறது. ஏஜிஎம்-இல் அந்த ஆக்ஸிஜன் மறு தகட்டில் திரும்பச் சேரும்போது மேலும் சூடு பிறக்கிறது. சூடு ஏறினால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் சூடு ஏறும். இந்தச் சுழல் கட்டுக்கு அடங்காமல் போவதுண்டு.

முள் இறங்காமலே நின்றாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, ஆல்ட்டர்னேட்டரை அணைத்து, தேவையற்ற மின்சாதனங்களை நிறுத்தி, முடிந்த அளவு சீக்கிரம் இறங்க வேண்டும். ஆல்ட்டர்னேட்டரை அணைத்தபின் நம்பியிருப்பது பேட்டரி ஒன்றைத்தான் என்பதால், ரேடியோவில் பேச வேண்டியதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

குளிரில் இதே மீட்டர் எதிர்ப்பக்கம் ஏமாற்றும். கிளம்பிய சில நிமிடத்தில் முள் நடுவுக்கு வந்துவிடும். "நிறைந்துவிட்டது" என்று தோன்றும். உண்மையில் சில்லிட்ட பேட்டரி 28 வோல்ட்டில் வாங்க மறுக்கிறது, அவ்வளவுதான். குளிரில் எண்ணெய் தடித்து எஞ்சினைச் சுழற்ற அதிக சக்தி தேவைப்படும். பேட்டரியோ −18 டிகிரியில் தன் பலத்தில் பாதியைத்தான் தரும். எடுத்தது அதிகம், திரும்பப் போனது கொஞ்சம். இப்படி நாலைந்து குறுகிய பறப்புகளுக்குப் பிறகு ஒரு காலையில் ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றுவிடும். −6 டிகிரிக்குக் கீழே 172எஸ் எஞ்சினை வெளியிலிருந்து சூடாக்கி, வெளி மின்சாரத்தில் கிளப்பச் சொல்வதில் பேட்டரிக்கும் நன்மை உண்டு.

காலியான பேட்டரியோடு வெளி மின்சாரத்தில் கிளப்பி, "போகப் போக ஏறிவிடும்" என்று பறக்காதீர்கள். ஆல்ட்டர்னேட்டர் நின்றுபோனால் அவசியமான கருவிகளை அரை மணி நேரமாவது ஓட்டித்தர வேண்டியது அந்தப் பேட்டரிதான்.

லித்தியம், நிக்கல்-காட்மியம்

சிறு விமானங்களில் இப்போது வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, சுழற்றும் பலம் அதிகம். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் தகட்டுக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. அதனால் சிலவற்றில் உள்ளேயே சூடாக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றொன்று, இறங்கிப்போன லித்தியம் கிடைக்கும் கரண்ட்டை எல்லாம் இழுக்கும். 60 ஆம்பியர் ஆல்ட்டர்னேட்டர் திணறும். கையேடு அனுமதிக்காத ஈய-அமில சார்ஜரை இதற்கு மாட்டவே கூடாது.

நிக்கல்-காட்மியம் பெரும்பாலும் டர்பைன் எஞ்சின் விமானங்களில். சூட்டுச் சுழல் இதில் இன்னும் கடுமையாக வரும் என்பதால்தான் எஞ்சினைக் கிளப்பப் பயன்படும் நிக்கல்-காட்மியத்துக்குச் சூட்டு எச்சரிக்கை போன்ற ஒரு பாதுகாப்பு அமைப்பைச் சட்டமே கேட்கிறது. ஈய-அமில பேட்டரிக்குப் பயன்படுத்திய கருவிகளை இதன் அருகே கொண்டுபோகக் கூடாது. அமிலத் துளி பட்டாலே அதன் காரம் கெட்டுவிடும்.

எழுதி வையுங்கள்

நான் வேலை பார்த்த ஒரு பயிற்சிப் பள்ளியில் ஏப்ரல், மே இரண்டே மாதத்தில் ஒரே விமானத்தில் இரண்டு ஏஜிஎம் பேட்டரிகள் உப்பின. மூன்றாவதை மாட்டும் முன் வோல்ட்மீட்டரை பஸ்ஸில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரிந்து போகும் பொதுப் பட்டையில், வைத்துப் பார்த்தபோது 29.2. ஜனவரியில் பேட்டரி ஏறவில்லை என்று யாரோ ரெகுலேட்டரைத் திருகி ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் குளிருக்கு அது சரியாகவே இருந்திருக்கிறது. பதிவேட்டில் "வோல்ட் சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தச் சூட்டில், எத்தனைக்கு என்று இல்லை. உப்பிய பேட்டரியின் பக்கச் சுவர் சப்பாத்தி போல எழும்பி, பெட்டியிலிருந்து வெளியே வர மறுத்தது. இரண்டு பேர் அரை மணி நேரம் மல்லுக்கட்டி எடுத்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் பதிவேட்டில் வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே பேட்டரிச் சூட்டுக்கு ஒரு கட்டம் போட்டோம். நீங்களும் போடுங்கள்: தேதி, பேட்டரியின் சூடு, ஓய்வு வோல்ட், எஞ்சின் ஓடும்போது பஸ் வோல்ட், அரை மணி நேரப் பறப்புக்குப் பின் ஆம்மீட்டர். கையேடு சொல்லும் இடைவெளியில் கொள்ளளவுச் சோதனையும் செய்து, குறித்த கொள்ளளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போன பேட்டரியை விமானத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தச் சோதனையையும் அறைச் சூட்டில்தான் செய்ய வேண்டும். குளிர்ந்த பேட்டரியைச் சோதித்தால் நல்லதும் தோற்றுப்போகும். ரெகுலேட்டரைத் தொடுவது உரிமம் உள்ள பொறியாளரின் வேலை. அவர் திருகும்போது பக்கத்தில் நின்று, பேட்டரியின் சூடு எவ்வளவு என்று கேட்டு, அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள்.